பூச்சி வயிற்றில் மாட்டு ரத்தம்

அந்த வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். சின்னவர் ஆடு வளர்ப்பவர். பெரியவர் பூச்சி பொறுக்குபவர்.

சின்ன மாப்பிள்ளையைப் பற்றி மாமியாரிடம் யாராவது லேசாகக் கேட்டுவிட்டால் போதும். எந்த ஆடு இரட்டைக் குட்டி போட்டது, எந்தக் கிடாய்க்கு எங்கே பரிசு கிடைத்தது என்று வாய் வலிக்கும்வரை பேசுவார். பெரிய மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டால், "லேப்ல இருக்கார்" என்பதோடு சரி. அதற்கு மேல் என்ன சொல்வதென்று அவருக்கும் தெரியாது. ஒருமுறை மட்டும், தொந்தரவு தாங்காமல், "கொசு சம்பந்தமா ஏதோ" என்று சொல்லியிருக்கிறார்.

கொசு கூட இல்லை. கொசுவில் பாதி இருக்காத பொடிப்பூச்சி. கால்நடை நோய் ஆய்வகத்தில் அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் பெரிய மாப்பிள்ளையின் வேலை. ஆட்டுப் பண்ணைகளிலும் மாட்டுத் தொழுவங்களிலும் ஆய்வகத்துக்காரர்கள் ஒரு பொறியைத் தொங்கவிடுவார்கள். மேலே ஊதா விளக்கு, அதன் கீழே சின்ன மின்விசிறி, அதற்கும் கீழே ஒரு பாட்டில். விளக்கைத் தேடி வருகிற பூச்சியை விசிறி உள்ளே இழுத்துவிடும். பாட்டில் ஆய்வகத்துக்கு வந்ததும் தட்டில் கவிழ்த்து, அந்துப்பூச்சி, வண்டு, ஈசல் என்று வேண்டாத விருந்தாளிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, புள்ளி போட்ட இறக்கையுள்ள அந்தப் பொடிசை மட்டும் தேடி எடுக்க வேண்டும். அதிலும் பெண் பூச்சிதான் ரத்தம் குடிக்கும். வெறும் வயிறா, முட்டை வயிறா, ரத்தம் குடித்த வயிறா என்று நுண்ணோக்கியில் பார்த்துத் தனித்தனிக் குப்பியில் போட வேண்டும். போகிற போக்கில் ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு நீலநாக்கு நோயின் வைரஸைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் புண்ணியவதி அதுதான். செம்மறி ஆடுகளுக்கு அது வந்தால் காய்ச்சல், உதடு வீக்கம், வாயெல்லாம் புண். சிலவற்றுக்கு நாக்கே நீலம் பாரித்துப் போகும். ஆடு படுத்த பிறகு கண்டுபிடிப்பது பெரிய விஷயமில்லை. படுப்பதற்கு முன்னால், பூச்சியிலேயே கண்டுபிடிக்க வேண்டும். பெரிய மாப்பிள்ளைக்கு இதில் அப்படி ஒரு ருசி. சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால்தான் எல்லாரும் தண்ணீர் எடுக்க எழுந்து போய்விடுவார்கள்.

அந்த வருடம் மழை தள்ளிப்போய், பெய்தபோது மொத்தமாகப் பெய்தது. சேறும் சாணமும் ஈரமாகக் கிடந்தால் பொடிப்பூச்சிக்குக் கொண்டாட்டம். பொறி வைக்கும் பண்ணைகளைக் கூட்டச் சொன்னார் ஆய்வகத்தின் தலைவி. அவர் கால்நடை டாக்டர், எல்லாருக்கும் டாக்டரம்மா. புதிதாகச் சேர்ந்த பண்ணைகளில் சகலையின் பண்ணையும் ஒன்று.

"தாராளமா வைங்க சகல," என்றார் சின்ன மாப்பிள்ளை. "நம்ம பண்ணையில பூச்சிக்கு என்ன வேலை? பாட்டில் காலியாத்தான் வரும்."

பண்ணையின் பின்சுவரில், ஆட்டுக் கொட்டகையின் ஜன்னலுக்குப் பக்கத்தில் பொறியை மாட்டிவிட்டுப் பெரிய மாப்பிள்ளை இறங்கும்போது, மாமியார் வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன மகள் வீட்டில்தான் இருந்தார். மூட்டுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் சாயங்காலம் நடை. முன்பெல்லாம் தெருமுனைக் கடைக்குக்கூட வண்டி கேட்பவர், இப்போது மழை வந்தாலும் நிற்பதில்லை. சின்ன மகளுக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

"அம்மாவைப் பாருங்க, இந்த வயசுல என்ன ஒழுங்கு!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள்.

பாட்டில் காலியாக வரவில்லை. கரும்புள்ளிக் குவியலாக வந்தது. பெரிய மாப்பிள்ளை உட்கார்ந்து பிரித்துக் குப்பிகளைப் பரிசோதனை அறைக்கு அனுப்பினார். அடுத்த நாள் டாக்டரம்மா அவர் மேசைக்கே வந்து நின்றார். அவர் நடந்து வந்தால் நல்ல செய்தி இருக்காது.

"இது உங்க சகலை பண்ணைதானே?"

"ஆமா மேடம். ஏன்?"

"வைரஸ் இருக்கு."

பெரிய மாப்பிள்ளை பயந்தார். வைரஸைவிடச் சகலையை நினைத்து. அடுத்த வாரம் கால்நடைக் கண்காட்சி. சகலையின் செல்லக் கிடாய் வஸ்தாது அதற்காகக் குளித்து, சீவி, ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி தயாராகிக்கொண்டிருந்தது. இனிமேல் பரிசோதனை முடியும்வரை ஓர் ஆடுகூடப் பண்ணையை விட்டு வெளியே போக முடியாது. அதைச் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

சொன்னார். சகலை முதலில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

"என் ஆட்டுக்கா நோய்? வந்து பாருங்க சகல! எது சோர்ந்திருக்கு? எது சாப்பிடலை? வஸ்தாது நேத்து தண்ணித் தொட்டியையே முட்டி உடைச்சிருக்கான். நோயாளி பண்ற வேலையா அது?"

டாக்டரம்மா ஆட்களோடு வந்து எல்லா ஆடுகளிடமும் ரத்தம் எடுத்துப் போனார். முடிவு வந்தது. ஓர் ஆட்டிடமும் வைரஸ் இல்லை. இருந்ததற்கான தடயமும் இல்லை.

சின்ன மாப்பிள்ளைக்குக் கொம்பு முளைத்துவிட்டது. "உங்க மெஷினுக்குத்தான் ஜுரம் சகல. அதைக் கொஞ்சம் படுக்கப் போடுங்க. என் கிடாயை விடுங்க."

"ரெண்டாவது பரிசோதனை முடியட்டும் சகல. சட்டம் அப்படி."

"அதுக்குள்ள கண்காட்சி முடிஞ்சிடும்!"

அதன்பிறகு சகலை போன் எடுக்கவில்லை. பெரிய மாப்பிள்ளையின் மனைவி, "தங்கச்சியும் பேசமாட்டேங்கிறா. உங்க பூச்சியால என் பிறந்த வீடே போச்சு" என்று பெருமூச்சு விட்டாள்.

அவருக்கு வேலையில் மனம் ஓடவில்லை. மெஷின் தப்புச் செய்திருக்குமா? மீதமிருந்த குப்பிகளை எடுத்து மறுபடி பரிசோதனைக்குக் கொடுத்தார். வெறும் வயிற்றுப் பூச்சிகளில் வைரஸ் இல்லை. முட்டை வயிற்றிலும் இல்லை. ரத்தம் குடித்த வயிற்றில் மட்டும் பளிச்சென்று இருந்தது. இரண்டாவது முறையும் அதே பதில்.

நுண்ணோக்கியை விட்டு நிமிர்ந்தவர் அப்படியே எழுந்து டாக்டரம்மா அறைக்குப் போனார். கதவைத் தட்டவும் மறந்துவிட்டார்.

"மேடம், வைரஸ் பூச்சிக்குள்ள இன்னும் ஊறலை. அது அப்பத்தான் குடிச்ச ரத்தத்துலதான் இருக்கு. ஆட்டு ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னா, இது யாரு ரத்தம்?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "கேட்டுட்டாப் போச்சு. ரத்தம் எந்த மிருகத்தோடதுன்னு பார்க்கச் சொல்றேன்."

அந்தப் பதிலும் வந்தது. மாடு.

சகலையின் பண்ணையில் மாடு கிடையாது. சுற்று வட்டாரத்திலும் கிடையாது. ஒரு பக்கம் வாத்துப் பண்ணை, இன்னொரு பக்கம் பூச்செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம், பின்னால் கால்வாய். அதுவும் சின்ன மாப்பிள்ளைக்கு மாடென்றாலே கைகால் நடுங்கும். சின்ன வயதில் ஒரு பசு உதைத்ததில் பல் போனவர்.

"மாடு இந்த நோயில படுக்காது," என்றார் டாக்டரம்மா. "ஜம்முன்னு அசை போட்டுக்கிட்டு நிக்கும். ஆனா ரத்தத்துல வைரஸை வச்சுக்கிட்டு நிக்கும். சீக்கிரம் கண்டுபிடிங்க. உங்க சகலை ஆடுகளுக்கு இன்னும் வரலைன்னா, அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் ரொம்ப நாள் தாங்காது."

ஞாயிற்றுக்கிழமை பெரிய மாப்பிள்ளை மனைவியை விட்டுவிட்டுத் தனியாகவே பண்ணை வீட்டுக்குப் போனார். சகலை முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சாப்பாடு போடாமல் அனுப்ப முடியாதே. கடமைக்கு உட்கார வைத்துப் பரிமாறினார்கள். சாப்பிட்டு முடியும் நேரம் பார்த்து அவர் மெல்ல ஆரம்பித்தார்.

"சகல, மெஷின் தப்பு பண்ணலை. பூச்சி குடிச்சது மாட்டு ரத்தம். இங்க பக்கத்துல எங்கேயோ ஒரு மாடு இருக்கு."

சின்ன மகள் தட்டைக் கீழே வைத்தாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். குரலை உயர்த்தாமலே வகுப்பை அடக்குகிறவள். "யாருங்க, நீங்களா? திருட்டுத்தனமா மாடு வாங்கியிருக்கீங்களா?" என்று கணவரைக் கேட்டாள். "ஏற்கெனவே சொல்லியிருக்கேன். இந்த வீட்டுக்கு இன்னொரு நாலு கால் வந்தா, என் ரெண்டு கால் வெளியே போயிடும்."

"நானா? மாடா?" சின்ன மாப்பிள்ளைக்குப் புரையேறியது. "பால் பாக்கெட்ல மாடு படம் இருந்தாலே திருப்பி வைக்கிறவன் நான்!"

மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "பூச்சி வயித்துல இருந்ததை வச்சு மாட்டைத் தேடறதா? என்ன மாப்பிள்ளை இது, கூத்தா இருக்கு. சாப்பிடுங்க, ஆறிடப் போகுது."

எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

ஆனால் அதில் ஒரு நன்மை நடந்தது. தன் மேல் விழுந்த சந்தேகம் சின்ன மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "வாங்க சகல, அந்த மாட்டை இன்னிக்கே புடிக்கிறோம்" என்று மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். இரண்டு பேரும் முதலில் வாத்துப் பண்ணைக்குப் போனார்கள்.

"மாடா?" என்றார் வாத்துக்காரர். "வாத்தே என் உசுரை எடுக்குது. மாடு வேறயா?"

பூச்செடிக்காரர் இவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காலையில் வந்தால் ரோஜா பதியன் கிடைக்கும் என்றார்.

திரும்புகிற வழியில் பெரிய மாப்பிள்ளை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கைக்குட்டையை விரித்துப் பிடித்துக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார்.

"என்ன சகல, கொடி காட்டறீங்க?"

"இந்தப் பூச்சி சொந்தமா ரொம்ப தூரம் பறக்காது. காத்துல மிதந்து வரும். சாயங்காலக் காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குதோ, அந்தப் பக்கம்தான் மாடு."

காற்று கால்வாய்ப் பக்கமிருந்து வந்தது. கால்வாய்க்கு அந்தாண்டை ஒரு பழைய ஐஸ் கம்பெனி. எப்போதோ மூடியது. கூரையில் செடி முளைத்து, சுவரெல்லாம் பாசி. பாலத்தைத் தாண்டிப் போய் நின்றார்கள். இரும்புக் கதவு துருவேறிப் பொடியாகக் கொட்டியது. அதில் தொங்கிய பூட்டு மட்டும் புத்தம் புதிது. கதவடியிலிருந்து மூத்திரமும் வைக்கோலும் கலந்த வாடை. சின்ன மாப்பிள்ளை கதவு இடுக்கில் கண்ணை வைத்தார். உள்ளேயிருந்து, நன்றாக இழுத்து, "ம்ம்மா" என்று ஒரு குரல் வந்தது.

சின்ன மாப்பிள்ளை ஒரே தாவில் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் போய் நின்றார். "இருக்கு சகல. இருக்கு. நீங்க சொன்னது இருக்கு."

அப்போதுதான் பாலத்தில் ஆள் வருவது தெரிந்தது. வெள்ளை ஷூ. தோளில் தவிட்டுப் பை. கையில் வாளி.

"சகல, ஒளிஞ்சுக்கலாமா?" என்று கேட்டார் சின்ன மாப்பிள்ளை, ஈனக் குரலில். மாமியாரைக் கையும் களவுமாகப் பிடிக்கும் பாக்கியம் எந்த மாப்பிள்ளைக்கும் வரக்கூடாது. இருவரும் சுவரோடு சுவராக நின்று பார்த்தார்கள். ஒளிவதற்கு இடம் போதவில்லை. பெரிய மாப்பிள்ளைக்குத் தொப்பை.

மாமியார் அருகில் வந்தார். இருவரையும் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"வாங்க அத்தை," என்றார் பெரிய மாப்பிள்ளை. "நடையா?"

"நடைதான் மாப்பிள்ளை."

"அத்தை, தப்பா நினைக்காதீங்க. உள்ள ஏதோ மாடு மாதிரி சத்தம்..."

மாமியார் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். "வேலையில இருந்தப்ப எத்தனை பேரை டிக்கெட் இல்லாம புடிச்சிருப்பேன்! ஒவ்வொருத்தனும் ஒரு கதை சொல்வான். இன்னிக்கு நானே மாட்டிக்கிட்டேன்."

"மாட்டிக்கலை அத்தை," என்றார் சின்ன மாப்பிள்ளை, மறுபடி மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் போய் நின்றபடி. "மாட்டி வச்சிருக்கீங்க."

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்தார். ஒரு காலத்தில் ஐஸ் பாளம் அடுக்கி வைத்த பெரிய கூடத்தில், வைக்கோல் மெத்தை மேல், செம்மண் நிறத்தில் ஒரு கிழட்டுப் பசு நின்றிருந்தது. ஒற்றைக் கொம்பு. வந்தவர்களை அலட்சியமாகப் பார்த்துவிட்டு அசை போடுவதைத் தொடர்ந்தது.

கதை இதுதான். மழை பெய்த ஒருநாள் மாமியார் நடக்கப் போனபோது, சாலையில் ஒரு லாரி பஞ்சராகி நின்றது. தூரத்து மாவட்டத்திலிருந்து மாடுகளை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி. இந்தப் பசு பலகை இடுக்கு வழியாக வெளியே பார்த்தது.

"அது என்னைப் பார்த்துச்சு. நான் அதைப் பார்த்தேன். அவ்வளவுதான் மாப்பிள்ளை. எங்க போற வண்டின்னு எனக்குத் தெரியும். இறக்குன்னு சொன்னேன். காசை வாங்கிட்டு இறக்கிட்டான். இறக்கினப்புறம்தான், எங்க கொண்டு போறதுன்னு யோசிச்சேன். சின்னவ நாலு கால் ரெண்டு கால்னு கணக்கு வச்சிருக்காளே! ஐஸ் கம்பெனிக்காரரு என்கூட வேலை பார்த்தவரோட தம்பி. சாவி குடுத்தாரு."

பெரிய மாப்பிள்ளை பசுவின் அருகே போய் அதன் முகவாய்க்கட்டையைத் தூக்கி வாயைப் பார்த்தார். புண் இல்லை, வீக்கம் இல்லை. உயிருள்ள மாட்டை இவ்வளவு பக்கத்தில் பார்த்து வெகுநாள் ஆகிவிட்டிருந்தது. காதருகே பொடிப்பூச்சி ஒன்று உட்கார்ந்து வயிறு புடைக்கக் குடித்துக்கொண்டிருந்தது. அவர் வாத்சல்யத்தோடு அதைப் பார்த்தார்.

"இதுக்கு ஏதாவது நோயா?" என்று கேட்டார் மாமியார். முதல்முறையாக அவர் குரல் தணிந்திருந்தது. "கொண்டுபோய் வெட்டிடுவாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் பண்ண மாட்டாங்க அத்தை. ரத்தத்துல வைரஸ் இருக்கும்னு நினைக்கிறேன். கொஞ்ச நாள்ல தானா போயிடும். அதுவரைக்கும் பூச்சி இதைக் கடிக்காம பார்த்துக்கணும். கடிச்சிட்டு உங்க சின்ன மாப்பிள்ளை ஆட்டுக்கிட்டப் போச்சுன்னாத்தான் வம்பு."

மாமியார் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாது மாப்பிள்ளை. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஆட்டுக்குப் பக்கத்துல கொண்டு வந்திருப்பேனா?"

மறுநாள் காலையில் டாக்டரம்மா ஊசியும் குழாயுமாக ஐஸ் கம்பெனிக்கு வந்தார். சின்ன மகளும் வந்தாள். பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு, அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமல், கையைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். இரவு வீட்டில் நடந்த கச்சேரியைச் சின்ன மாப்பிள்ளை வெளியில் சொல்லவில்லை. கண்கள் மட்டும் சொல்லின.

"யாராவது தலையைப் புடிங்க," என்றார் டாக்டரம்மா.

சின்ன மாப்பிள்ளை ஆகாயத்தைப் பார்த்தார். பெரிய மாப்பிள்ளை பிடித்தார். பசு தலையை ஒரு ஆட்டு ஆட்டியதும் வைக்கோலில் உட்கார்ந்தார். மாமியார் கொம்பைப் பிடிக்கப் போனார். பசு கால் மாற்றி நின்று ஊசியைத் தட்டிவிட்டது.

"தள்ளுங்க எல்லாரும்," என்று சின்ன மகள் உள்ளே வந்தாள். பசுவின் கழுத்தைக் கட்டிப் பிடித்து, ஒற்றைக் கொம்பை இறுக்கி, "அசையாம நில்லு. உன்னைத்தான் சொல்றேன். நில்லு" என்றாள். கடைசி பெஞ்சு மாணவன் மாதிரி பசு நின்றது. ரத்தம் குழாயில் ஏறியது. முடிந்ததும் பசு ஒரு பெரிய தும்மலாகப் போட்டு அவள் முகம், முடி, சட்டை எல்லாம் நனைத்தது.

சின்ன மாப்பிள்ளை இரண்டடி பின்னால் போனார்.

அவள் முகத்தைத் துடைத்தாள். "அம்மா, இதுக்குச் சளி பிடிச்சிருக்கா என்ன? ஈரத் தரையில கட்டி வச்சிருக்கே. மரப்பலகை போட வேண்டாம்?"

பசுவின் ரத்தத்தில் வைரஸ் இருந்தது. அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஜன்னல், கதவு, கூரை இடுக்கு எல்லாவற்றுக்கும் பொடிப்பூச்சியும் நுழையாத நெருக்கமான வலை அடித்தார்கள். ஐஸ் கம்பெனியின் ராட்சத மின்விசிறிக்கு எண்ணெய் போட்டு ஓடவிட்டார் சின்ன மாப்பிள்ளை, வாசலுக்கு வெளியே நின்றபடியே. அந்தக் காற்றை எதிர்த்து எந்தப் பூச்சியாலும் பறக்க முடியாது. ஆடுகளை வெயில் தாழ்வதற்குள் கொட்டகைக்குள் அடைத்தார்கள். சுற்றுவட்டாரத்து ஆடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போடப்பட்டது. ஒன்றுகூட நோயில் விழவில்லை. மாடு இல்லாத ஊரில் மாட்டைக் கண்டுபிடித்த ஆய்வகம் என்று மேலிடத்தில் பேச்சு. டாக்டரம்மா எல்லாரையும் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

வஸ்தாது கண்காட்சிக்குப் போக முடியவில்லை. அது மட்டும் நிஜமான நஷ்டம். சின்ன மாப்பிள்ளை தனியாகப் போனார். தொங்கிய முகத்தோடு போனவர் மலர்ந்த முகத்தோடு திரும்பி, முதல் வேலையாகப் பெரிய மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"சகல, அங்க எல்லாரும் மாட்டுக் கதையைத்தான் கேட்டாங்க. சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போச்சு. ஒரு விஷயம், கோவிச்சுக்கக் கூடாது."

"என்ன?"

"கைக்குட்டையை விரிச்சுக் காத்து பார்த்தது நான்னு சொல்லிட்டேன்."

"சொல்லிக்கோங்க சகல. ரத்தத்தை மட்டும் எனக்கு விட்டுடுங்க."

இரண்டாவது பரிசோதனையும் சுத்தமாக வந்து தடை நீங்கிய பிறகு, ஒருநாள் மாமியார் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். அறிவிப்பு ஒன்றும் இல்லை. வாசல் காவலாளியிடம், "என் பெரிய மாப்பிள்ளை உள்ள இருக்கார்" என்று அதிகாரமாகச் சொல்லிக்கொண்டு நேரே வந்தார்.

"எந்தப் பூச்சி என்னைக் காட்டிக்குடுத்துச்சுன்னு பார்க்கணும் மாப்பிள்ளை."

அவர் நாற்காலியை உயர்த்திக் கொடுத்து, இரண்டு பூச்சிகளைத் தட்டில் வைத்து, நுண்ணோக்கியைச் சரிசெய்தார். மாமியார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இறக்கையில என்ன இது, புள்ளி புள்ளியா? யாரோ மை தொட்டு வச்ச மாதிரி?"

"அதை வச்சுத்தான் எந்த ஜாதின்னு சொல்வோம் அத்தை."

"மீசை கூட இருக்கே! சிலுப்பிக்கிட்டு இருக்கே!"

"அது ஆண். இதோ, இது பெண். வயிறு சிவப்பாத் தெரியுதா?"

"அடி கள்ளி!" என்றார் மாமியார். பிறகு பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துக் கைப்பையை அதில் வைத்தார். "இன்னொரு பாட்டிலை எடுங்க. எனக்கு இன்னிக்கு அவசரம் ஒண்ணும் இல்லை."